கோழி மட்டும் தெளிவாகத் தெரிந்தது

எங்கள் குடும்பத்தில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. ஸ்பீடு மாப்பிள்ளை. என் நடையைப் பார்த்தவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். சிங்கப்பூரில், பொங்கோலில் எங்கள் புளோக்கிலிருந்து எம்ஆர்டி ரயில் நிலையம் போய்ச் சேர்வதற்குள் குழந்தை வண்டிகளும் சக்கர நாற்காலிகளும் என்னை முந்திக்கொண்டு போகும். இந்தப் பட்டம் காலுக்குக் கிடைத்ததல்ல, இணையத்துக்குக் கிடைத்தது. உறவில் யார் வீட்டிலாவது பக்கம் திறக்காமல் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தால் எனக்குத்தான் போன் வரும்.

நான் கணினி படித்தவன் இல்லை. லிட்டில் இந்தியாவில் ஒரு கார்கோ கடையில் வேலை. ஊருக்குப் பெட்டி அனுப்புகிற கடை. போர்வை, பால் மாவு, தைலம், டிவி என்று ஆட்கள் கட்டிக்கொண்டு வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் எங்கள் கடை வாசலில் சிக்னல் செத்துவிடும். தெரு நிறைய ஆட்கள், ஆளுக்கு ஒரு போன், ஒவ்வொரு போனிலும் ஊரிலிருந்து ஒரு முகம். அந்த நெரிசலில், போன மாதம் அனுப்பிய பெட்டி எங்கே இருக்கிறது என்று பக்கத்தைத் திறந்து காட்டவேண்டியது என் வேலை. வட்டம் சுற்றும். வாடிக்கையாளர் என்னைப் பார்ப்பார். நான் வட்டத்தைப் பார்ப்பேன். "அண்ணே, பெட்டி கடல்ல சுத்துதா, உங்க போன்லயே சுத்துதா?" என்று ஒருவர் கேட்டார். கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு வழி?

அந்த அவமானத்தில் கற்றுக்கொண்டதுதான் எல்லாம். படங்கள் வராமல் நிறுத்து. தானாக ஓடும் வீடியோவை நிறுத்து. விளம்பரத்தைத் தடு. பின்னால் திறந்து கிடக்கிற பக்கங்களை மூடு. பிரவுசரில் சேர்ந்திருக்கும் பழைய குப்பையை வழித்துப் போடு. கடைசியில் மிஞ்சுவது வெறும் எழுத்து. எழுத்துக்கு எடை இல்லை, ஒற்றைக் கோடு சிக்னலில்கூட வந்துவிடும். வேகம் என்பது எதையும் கூட்டுவது அல்ல, கழிப்பதுதான் என்று டீ குடிக்கும்போது நான் தத்துவம் பேசுவேன். "உன்னையும் கழிச்சா கடை இன்னும் வேகமா ஓடுமோ?" என்று முதலாளி கேட்டார். அதற்குப் பிறகு டீயை மட்டும் குடிக்கிறேன்.

ஆக, படத்தை நிறுத்து என்பதுதான் என் முதல் விதி. என் மாமனாரின் அக்கா இறந்த அன்று, வேண்டியிருந்தது படம் மட்டும்தான்.

மாமனார் இளவயதில் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி, ஓய்வு பெற்று, புக்கிட் மேராவில் பழைய அடுக்குமாடி வீட்டில் மாமியாரோடு இருக்கிறார். சிறுநீரகம் கெட்டு, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். கூடப் பிறந்தவர்களில் மிச்சம் இருந்தது ஊரில் அந்த அக்கா ஒருவர்தான். அந்த அம்மா ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் போய்விட்டார். செய்தி வந்தபோது மாமனார் டயாலிசிஸ் நாற்காலியில் இருந்தார். இயந்திரத்தை மாட்டியிருக்கும்போது சொல்லவேண்டாம் என்று மாமியார் காத்திருந்து, வீட்டுக்குக் கூட்டிவந்து, கோப்பி கொடுத்துவிட்டுச் சொல்லியிருக்கிறார். அப்புறம் எனக்குப் போன்.

"மாப்பிள்ள, ரெண்டு பேரும் உடனே வாங்க. இவரு கிளம்பணும்னு நிக்கிறாரு. பேண்ட்டு மாட்டிட்டாரு, லா."

நானும் மனைவியும் போனபோது மாமனார் கூடத்தில் நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தார். முழுக்கை சட்டை, காலில் சப்பாத்து, சட்டைப் பையில் பாஸ்போர்ட். டயாலிசிஸ் முடிந்து வந்த முகம், துவைத்துப் பிழிந்து காயப்போடாமல் விட்ட துணி மாதிரி இருந்தது. மனைவி அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அப்பா, விசா வேணும்ப்பா. அதுக்கே நாளாகும். அங்க சாயங்காலம் நாலு மணிக்கு எடுக்குறாங்களாம்."

"சொல்லி வெக்கச் சொல்லு. நாளைக்கு எடுக்கட்டும்."

"அத்தை மவன் அத்தான்கிட்ட சொன்னேன். பெரியவங்க ஒத்துக்கலையாம்."

மாமனார் பாஸ்போர்ட்டை எடுத்துத் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைத்தார். சப்பாத்தைக் கழற்றவில்லை.

"அப்ப முகத்தயாவது பாக்கணும். பாக்காம எப்பிடி விடறது?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "மாப்ள, நீங்கதான் காட்டணும்."

அறையில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மொத்தமே மூன்று பேர்தான். ஆனாலும் எனக்கு ஒரு மாநாடு பார்ப்பது போலிருந்தது.

பெருமையாகத்தான் ஆரம்பித்தேன், அதை மறைப்பானேன். போனைப் பெரிய தொலைக்காட்சியோடு இணைத்தேன். மாமியார் நடைபாதைப் பக்கத்து ஜன்னலைச் சாத்தினார், போகிற வருகிறவர்கள் கண்ணில் படக்கூடாது என்று. ஊரில் போனைப் பிடிப்பதற்கு ஓர் ஆள் வேண்டும். இறந்தவரின் மகன் கொள்ளி போடுகிறவர், அவருக்கு ஆயிரம் சடங்கு. பெண்கள் அழுகையில். கடைசியில் அந்த அம்மாவின் மருமகனிடம், மகளின் கணவரிடம், போனைக் கொடுத்திருந்தார்கள். அங்கேயும் ஒரு மாப்பிள்ளை. கல்யாணமோ சாவோ, எந்த வீட்டிலும் மாப்பிள்ளைக்கு உருப்படியான வேலை கொடுக்கமாட்டார்கள். தோரணையாக நிற்கவேண்டும், போனைப் பிடிக்கவேண்டும், அவ்வளவுதான். எனக்கு அவர் மச்சான் முறை.

"மச்சான், கேக்குதா?"

"கேக்குது மச்சான். படம் வருதா?"

படம் வந்தது. சிமெண்டுத் தரையில் சதுரம் சதுரமாக ஓடு பதித்த மாதிரி, சாம்பலில் ஒன்று, பச்சையில் ஒன்று. அதில் எது பந்தல், எது ஆள் என்று மச்சானுக்கே தெரிந்திருக்காது. அழுகைச் சத்தம் மட்டும் துண்டு துண்டாக வந்தது. நடு ஒப்பாரியில் அறுந்து, வேறொரு வரியில் மறுபடி தொடங்கியது.

எங்கள் பக்கம் ஆறு வழிச் சாலை. அந்தப் பக்கம் ஒற்றையடிப் பாதை. இங்கே நான் என்ன குட்டிக்கரணம் போட்டாலும் அங்கே பாதை அகலப்போவதில்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் மாமனார் பார்த்துக்கொண்டிருக்கிறாரே, எதையாவது செய்தாகவேண்டும். அதனால் இங்கேயும் குட்டிக்கரணம் போட்டேன். மாமியாரின் பலகைக் கணினியில் ஓடிக்கொண்டிருந்த சீரியலை நிறுத்தினேன். காற்று வாங்குவதற்கு வைத்த மாதிரி சப்பாத்து அலமாரிமேல் கிடந்த ரூட்டரைத் தூக்கிக்கொண்டு சாமிப் படங்கள் பக்கம் நடந்தேன்.

"அங்க வெக்காதீங்க மாப்பிள்ள. சாமிகிட்ட. தீட்டு."

"ரூட்டருக்கா அத்தை?"

"அது வழியாத்தானே எல்லாம் வருது."

ரூட்டரைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றேன், தீச்சட்டி எடுத்தவன் மாதிரி.

அப்புறம் மச்சானுக்கு உத்தரவு போட ஆரம்பித்தேன். அவர் போனில் படங்கள் தானாக இறங்குவதை நிறுத்தச் சொன்னேன். பின்னால் திறந்து கிடந்ததையெல்லாம் மூடச் சொன்னேன். என்னென்ன திறந்திருந்தன என்று அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். நடுவில் ஒரு சீட்டாட்டம் வந்தது. "இது நான் தொறக்கல மச்சான்" என்றார். அதையும் மூடச் சொன்னேன்.

"சிக்னல் எங்க நல்லா கிடைக்கும்?"

"டீக்கடைகிட்ட நல்லா கிடைக்கும்."

"அப்ப அங்க போங்க."

"போயிருவேன். அத்தைய எப்பிடிக் கொண்டு போறது?"

நியாயமான கேள்வி. சிக்னல் டீக்கடையில், உடல் பந்தலில். இரண்டையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவர என் அனுபவத்தில் வழி இல்லை.

கொஞ்சம் தெளிவாவதற்குள் படம் அறுந்துபோனது. மறுபடி கூப்பிட்டோம், மறுபடி அறுந்தது. காரணம் அப்புறம்தான் புரிந்தது. துக்கம் கேட்கிறார்கள். சாவுச் செய்தி போன எல்லா ஊரிலிருந்தும் எல்லோரும் அந்த வீட்டு எண்களுக்குப் போன் செய்கிறார்கள். ஒவ்வொரு அழைப்பு வரும்போதும் எங்கள் படம் நிற்கிறது. துக்கம் கேட்காமல் இருந்துவிட்டால் எங்கள் ஆட்களுக்கு அது இரண்டு தலைமுறைக்கு மறக்காது. மலேசியாவில் கிள்ளானிலிருந்து, துபாயிலிருந்து, எதிர்த் தெருவிலிருந்துகூட ஒருவர் போன் செய்தார். பந்தலில் கூட்டமாக இருக்கிறதாம், உள்ளே வர வழியில்லையாம்.

என் மனைவி குடும்பக் குழுவில் எழுதினாள்: "அப்பா முகம் பாக்கணும். ஒரு மணி நேரம் யாரும் அந்த நம்பருக்குப் போன் பண்ணாதீங்க." எழுதி அனுப்பிய அடுத்த நிமிடமே கிள்ளான் சித்தி அந்த நம்பருக்குப் போன் செய்தார், "இனிமே பண்ணமாட்டேன்" என்று சொல்வதற்கு.

ஒருவழியாக அழைப்புகள் ஓய்ந்தன. படம் அறாமல் நின்றது. சதுரங்கள் சேர்ந்து கோடாகி, கோடுகள் சேர்ந்து ஆளாயின. பச்சைத் துணிப் பந்தல் தெரிந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள் தெரிந்தன. நடுவில், கண்ணாடி மூடி போட்ட ஐஸ் பெட்டி. அதன் காலில் ஒரு கோழியைக் கட்டியிருந்தார்கள். சனிப் பிணம் தனிப் போகாது என்பார்கள், துணைக்குக் கோழி. அது நல்ல சிவப்புக் கொண்டையோடு நின்று மச்சானின் போனைப் பார்த்தது. அதன் கழுத்தில் ஒவ்வொரு இறகும் தெரிந்தது.

"கோழி தெரியுது" என்றார் மாமனார்.

"பெட்டிகிட்ட போங்க மச்சான். மெதுவா. அசைக்காம."

மச்சான் போனார். மாலை தெரிந்தது, மாலையில் வாடத் தொடங்கியிருந்த ரோஜாவும் தெரிந்தது. கண்ணாடிக்கு உள்ளே, முகம் இருக்கவேண்டிய இடத்தில், வெள்ளையாக ஒரு கலங்கல். பாலில் விழுந்த நாணயம் மாதிரி ஏதோ வட்டமாகத் தெரிந்து மறைந்தது.

"தெரியல மாப்ள" என்றார் மாமனார்.

நான் வேலையில் இறங்கினேன். தரத்தைக் குறைத்தேன், கூட்டினேன். மச்சானை இடது பக்கம் போகச் சொன்னேன், வலது பக்கம் போகச் சொன்னேன். போனை அணைத்துப் போட்டு மறுபடி கூப்பிடச் சொன்னேன். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்களில் யாராவது போன் வைத்திருந்தால் அணைக்கச் சொன்னேன். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா நிறுத்தி, மடியிலிருந்து போனை எடுத்து அணைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அப்படியும் கலங்கலாகவே இருந்தது.

"கேமராவத் தொடைங்க மச்சான்."

மச்சான் சட்டை நுனியால் போனின் கண்ணை நன்றாகத் துடைத்தார். மறுபடி காட்டினார். கோழி முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தது. முகம் தெரியவில்லை.

எங்கள் மணி ஆறு ஆகப்போகிறது, ஊரில் மூன்றரை. அங்கே குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தவர்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். இனிப் பெட்டியைத் திறந்தால் கூட்டம் மொய்த்துக்கொள்ளும், போன் உள்ளே நுழைய முடியாது, முதுகுகளைத்தான் காட்டமுடியும் என்று மச்சான் சொல்லிவிட்டார். மாமனார் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். கழிக்கிறவன் புத்தி கழிக்கத்தானே போகும்.

"மாமா, வீடியோவ விட்ருவோம். ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்றேன். சின்னதா, உடனே வந்துரும். தெளிவாவும் இருக்கும்."

"வேணாம்."

"ஒரே ஒரு…"

"வேணாம் மாப்ள. போட்டோன்னா போன்லயே கெடக்கும். எவனாச்சும் பொங்கல் வாழ்த்து அனுப்புவான், அதத் தேடுறப்ப நடுவுல வந்து நிப்பா. முகம் பாக்கறதுன்னா பாத்துட்டு விட்டுரணும்."

ரூட்டரை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டேன்.

அப்போதுதான் அது நடந்தது. இறந்தவரின் மகள், மச்சானின் மனைவி, வெளியிலிருந்து ஓடி வந்து பெட்டியின் மேல் விழுந்தாள். "என்னய விட்டுட்டுப் போறியேம்மா" என்று கண்ணாடியில் கன்னத்தை வைத்து, இரண்டு கையாலும் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதாள். யாரோ இருவர் அவளைத் தோளைப் பிடித்து இழுத்தார்கள். இழுத்தபோது அவள் முந்தானை கண்ணாடியின் குறுக்கே தேய்ந்துகொண்டே போனது.

தேய்த்த இடத்தில், ஒரு கை அகலத்துக்கு, முகம் தெரிந்தது.

பெட்டி உள்ளே குளிர், வெளியே சித்திரை வெயில். கண்ணாடி முழுக்க ஆவி படிந்து, நீர் கோத்து நின்றிருந்தது. அவ்வளவுதான் விஷயம். இணையம் எப்போதோ சரியாகிவிட்டது. கோழி அதை முதலிலிருந்தே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. நான்தான் சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு ஒரு கண்ணாடியின் ஈரத்துக்கு உலகத்தில் உள்ள கம்பிகளையெல்லாம் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அசைக்காதீங்க" என்றார் மாமனார். என்னிடமா மச்சானிடமா என்று தெரியவில்லை. இருவரும் அசையவில்லை.

எழுந்து தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் போனார். சப்பாத்துக் காலோடு. திரையில் அந்த அம்மாவின் நெற்றியில் ஒட்டிய காசு இருந்தது, தாடையைச் சேர்த்துக் கட்டிய வெள்ளைத் துணி இருந்தது, மூக்கில் பஞ்சு. நான் நேரில் பார்த்திருந்த முகத்தில் பாதிகூட அதில் இல்லை. கடைசி மாதங்கள் அவ்வளவையும் எடுத்துக்கொண்டு போயிருந்தன. மாமனார் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மூக்குத்தி எங்க?"

"காலைலயே கழட்டிட்டாங்க மாமா" என்றார் மச்சான்.

"அவள மூக்குத்தி இல்லாம நான் பாத்ததில்ல."

மாமியார் வாயில் சேலையை வைத்துக்கொண்டு நின்றார். துடைத்த இடத்தின் ஓரங்களில் ஆவி மறுபடி படியத் தொடங்கியது. முதலில் தாடைக் கட்டு போனது. அப்புறம் கன்னம். எனக்கு வாய் துறுதுறுத்தது. மச்சான், துணி எடுத்துத் தொடைங்க, நாலு வார்த்தை. வாயைத் திறந்தேன். மாமனார் திரும்பாமலே கையைத் தூக்கினார்.

"விட்டுருங்க மாப்ள."

வெள்ளை மெதுவாக ஏறியது. நெற்றிக் காசு கடைசியாகப் போனது. அது போகிறவரை நின்று பார்த்துவிட்டு, "பாத்தாச்சு. வெச்சிரச் சொல்லுங்க" என்றார்.

வைத்தோம். தொலைக்காட்சியில் என் போனின் முகப்பு வந்து நின்றது. என் போன் முகப்பில் நான் செந்தோசா கடற்கரையில் தொப்பி போட்டுக்கொண்டு இளித்துக்கொண்டிருக்கும் படம். அதை அவ்வளவு பெரிதாக நான் அதுவரை பார்த்ததில்லை. இணைப்பைத் துண்டிக்க ஏன் அன்று அத்தனை நேரம் பிடித்தது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

தலைக்கு ஊற்றிக்கொள்ளவேண்டும் என்றார் மாமியார். டிவியில் பார்த்தாலும் பார்த்ததுதான். மாமனாருக்கு டயாலிசிஸ் ஊசி போட்ட கை நனையக்கூடாது. பிளாஸ்டிக் பை சுற்றி, அந்தக் கையை அவர் தூக்கிப் பிடித்துக்கொள்ள, என் மனைவி குளியலறையில் அப்பாவின் தலையில் தண்ணீர் ஊற்றினாள். வெளியே கதவோரம் நான் துண்டோடு நின்றேன். உள்ளே தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. நின்றது, கேட்டது, நின்றது. அப்புறம் மாமியார் மஞ்சள் தண்ணீரைக் கூடம் முழுக்கத் தெளித்துக்கொண்டு வந்தார். ரூட்டரை என் உடம்பால் மறைத்துக் காப்பாற்றினேன். அன்று நான் செய்த உருப்படியான தொழில்நுட்ப வேலை அது ஒன்றுதான்.

ஆனால் பெயர் எனக்கு வந்தது. "ஸ்பீடு மாப்பிள்ள இல்லைன்னா அவரு முகமே பாத்திருக்கமாட்டாரு" என்று கிள்ளான் சித்தி குழுவில் எழுதினார். கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. மச்சான்கூட ஒரு கும்பிடு போட்டார், அவருக்கு உண்மை தெரிந்தும். மாப்பிள்ளைக்கு மாப்பிள்ளை விட்டுக்கொடுக்கமாட்டான். நானும் பதிலுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை டயாலிசிஸுக்கு மாமனாரை நான் கூட்டிப்போனேன். நிலையத்தில் எடை பார்க்க வரிசை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். தன் போனை என்னிடம் நீட்டினார், செய்திப் பக்கம் திறக்கமாட்டேன் என்கிறதாம். படங்களை நிறுத்தினேன். பக்கம் உடனே வந்தது. வெறும் எழுத்து.

அதைப் படிக்காமல் மடியில் வைத்துக்கொண்டார்.

"மாப்ள, என்னிய வெக்கிற பெட்டில கண்ணாடி வேணாம்."

"எதுக்கு மாமா இப்ப இதெல்லாம்?"

"பெரியவ மெல்போர்ன்லேருந்து பாப்பா. அவளால ஒடனே வரமுடியாது." பெரியவள் என்றது என் மனைவியின் அக்காவை.

"இங்க நெட்டு நல்ல வேகம் மாமா. ஒண்ணும் ஆவாது."

"நெட்டப் பத்தியா நான் சொல்றேன்?" என்றார். "நீங்க ரூட்டரக் கையில வெச்சிக்கிட்டு நிப்பீங்க. அது தெரியும். கண்ணாடிய யாரு தொடைப்பா?"

சிரிக்கவேண்டும் போலிருந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன், அதில் சிரிப்பு இருந்தால் நானும் சேர்ந்துகொள்ளலாம் என்று. தாதி அவரைக் கூப்பிட்டார். எழுந்து எடை மேடைமேல் ஏறி நின்றார். சப்பாத்தோடு ஏறிவிட்டார். தாதி சப்பாத்தைக் காட்டினார். குனியமுடியாமல் என்னைப் பார்த்தார். நான் போய் உட்கார்ந்து, முதலில் இடது கால் சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்தேன்.